ஒன்றே ஒன்றுதானே!

அலுவலகத்தில் பகல் பதினொன்றரை மணிக்கு ஓர் இனிப்புப் பெட்டி திறக்கப்படும் ஓசையைக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் நான் அடையாளம் கண்டுவிடுவேன். முதலில் கட்டியிருக்கும் நூல் அறுபடும். பிறகு அட்டை மூடி விலகும். அதன் பின் ஒரு கணம் அமைதி. அந்த அமைதிக்குள் பாலும் ஏலக்காயும் கலந்த மணம் நான்கு மேசைகளைக் கடந்து வந்து சேரும். யாரோ என் பெயரைச் சொல்லி அழைப்பார்கள். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பெட்டி என் கணக்கேட்டின் மேல் வந்து அமர்ந்திருக்கும். கூடவே அந்த வாக்கியமும் வரும்: “ஒன்றே ஒன்றுதானே, எடுத்துக்கொள்ளுங்கள்!”

நான் கொல்கத்தாவில் பதினாறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். எங்கள் கணக்குப் பிரிவில் மொத்தம் பதினெட்டுப் பேர். இந்த நகரத்தில் இனிப்பை வெறும் தின்பண்டம் என்று சொல்லிவிட முடியாது. மகன் தேர்வில் வென்றாலும், மகளுக்கு வரன் அமைந்தாலும், பதவி உயர்வு வந்தாலும் மறுநாள் காலையில் பெட்டி வந்துவிடும். துர்கா பூஜை முடிந்து அலுவலகம் திறந்ததும் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்வதே இனிப்போடுதான். குளிர் தொடங்கிவிட்டால் ஈச்ச மரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுத்த புது வெல்லத்தில் செய்யும் நோலேன் குர் சந்தேஷ் வரும். பர்த்தமானுக்குப் போனவர் மிஹிதானாவும், கிருஷ்ணநகருக்குப் போனவர் சர்புரியாவும், ஆக்ராவுக்குப் போனவர் பேட்டாவும் கொண்டுவருவார்கள். நானும் சளைத்தவன் அல்லேன். ஊருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் திருநெல்வேலி அல்வாவை இரண்டு கிலோ சுமந்துகொண்டு வந்து பிரிவு முழுவதற்கும் பங்கிட்டிருக்கிறேன். எனவே இக்கட்டுரையில் நான் குற்றம் சாட்டும் தரப்பில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு உடற்பரிசோதனைக்குச் சென்றபோது எனக்கு வயது 47. உயரம் 168 சென்டிமீட்டர், எடை 84 கிலோ, இடுப்புச் சுற்றளவு 101 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, பெண்களுக்கு 80. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது நீரிழிவின் வாசற்படி. மருத்துவர் அதிகம் பேசவில்லை. “ஐந்தாறு கிலோ குறைத்தால் போதும், இப்போது குறைத்தால் போதும்” என்றார். ‘இப்போது’ என்ற சொல்லை அவர் சற்று அழுத்திச் சொன்னார்.

அந்த அழுத்தம் எனக்குப் புரிந்தது. என் தந்தைக்கு ஐம்பது வயதில் நீரிழிவு வந்தது. அவருடைய கடைசி நான்கு ஆண்டுகள் வாரத்திற்கு மூன்று நாள் டயாலிசிஸில் கழிந்தன. கோப்பைச் சுமந்துகொண்டு அவருக்குப் பின்னால் நடந்தவன் நான். என் பின்னால் என் மகள் கோப்போடு நடக்கும் காட்சியை அன்று மருத்துவமனைப் படிகளில் இறங்கும்போது ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். எடையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அழகுக்காக வந்ததன்று.

இது என் ஒருவனுடைய கதையும் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த நாடளாவிய ஆய்வு 2023-இல் வெளியானது. அதன்படி நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர். என்னைப்போல் வாசற்படியில் நிற்பவர்கள் ஏறத்தாழ 13.6 கோடிப் பேர். வாசற்படியில் நிற்பவர் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இந்தியர்களிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உணவையும் நடையையும் சீர்செய்துகொண்டவர்களிடம் நீரிழிவு தோன்றும் வாய்ப்பு நூற்றுக்கு 28 அளவுக்குக் குறைந்திருந்தது. மாத்திரையின்றிக் கிடைத்த பலன் அது.

கணக்குப் பிரிவில் இருப்பவன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாம் உண்பதில் கூடுதலாகச் சேர்க்கப்படும் சர்க்கரை, மொத்த ஆற்றலில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் மேலும் நன்று என்பது 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் தந்த பரிந்துரை. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்குப் பத்துப் பங்கு என்பது 50 கிராம் சர்க்கரை. ஐந்து பங்கு என்பது 25 கிராம். நான் அலுவலகத்தில் குடிக்கும் தேநீர் நான்கு கோப்பை. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, கரண்டிக்கு 4 கிராம் என்றாலே 32 கிராம் ஆகிவிடுகிறது. பெட்டி திறப்பதற்கு முன்பே என் கணக்கில் பற்று மிகுந்துவிட்டது.

வங்கியில் மாதந்தோறும் சிறு தொகை கட்டிவருவோர்க்கு ஓர் உண்மை தெரியும். கட்டும்போது தெரியாத தொகை, முதிர்வின்போது திகைக்க வைக்கும். உடலும் அப்படித்தான். செலவாகாத 100 கலோரி நாள்தோறும் மிஞ்சினால் ஆண்டுக்கு 36,500 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்ற பொதுக் கணக்கின்படி அது நான்கரை கிலோவுக்கு மேல். எடை கூடக் கூட உடலின் செலவும் கூடுவதால் நடைமுறையில் இவ்வளவு ஏறாது. ஆயினும் ஏறும் திசை மாறாது. ஒரு சிறிய இனிப்புத் துண்டு 100 கலோரியைத் தனியாகவே கொடுத்துவிடும். எண்ணெயில் பொரித்த சமோசா அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

கணக்குத் தெரிந்தவுடன் ஒழுக்கம் வந்துவிடும் என்று நம்பினேன். வரவில்லை. முதல் வாரம் காலையில் வந்த பெட்டியை வீரத்தோடு திருப்பி அனுப்பினேன். மாலை நான்கு மணிக்கு, பசியும் களைப்பும் சேர்ந்த வேளையில், கோப்பு அலமாரியின் மேல் மீந்திருந்த அதே பெட்டியிலிருந்து யாரும் பார்க்காதபோது மூன்று துண்டுகள் தின்றேன். இரண்டாம் வாரமும் அதுவே நடந்தது. பகல் முழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் பெட்டி இருக்கும்போது ஒருவர் நாற்பது முறை மறுத்தாக வேண்டும். பெட்டி ஒரே ஒரு முறை வென்றால் போதும். இந்தப் போட்டியின் விதிகளே நமக்கு எதிராக எழுதப்பட்டவை.

எனவே மூன்றாம் வாரம் கடுமையைக் கைக்கொண்டேன். யார் எதை நீட்டினாலும் ‘வேண்டாம்’ என்ற ஒரே சொல். அதில் ஒரு தவறு செய்தேன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அத்தவறுதான்.

எங்கள் பிரிவின் கடைநிலை ஊழியரை எல்லோரும் ‘தாதா’ என்றே அழைப்போம். வங்காளத்தில் அது அண்ணன் என்று பொருள்படும். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். அவருடைய மகளின் செவிலியர் பணி விண்ணப்பத்தை ஓராண்டுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் நான்தான் கணினியில் நிரப்பிக் கொடுத்தேன். பிறகு அதை மறந்தும் போனேன். அன்று காலை அவர் ஒரு சந்தேஷ் பெட்டியோடு வந்து முதலில் என் மேசையருகே நின்றார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே “வேண்டாம் தாதா, எனக்கு ஆகாது” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூடியைப் பொருத்திக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். அங்கே எழுந்த வாழ்த்தொலியைக் கேட்ட பிறகுதான் அவர் மகளுக்கு வேலை கிடைத்த செய்தி எனக்குத் தெரிந்தது.

சந்தேஷ் என்ற வங்காளச் சொல்லுக்குச் செய்தி என்பதே பொருள். நல்ல செய்தி சொல்லப் போகிறவர் கையோடு கொண்டுபோன இனிப்பு அது. நான் இனிப்பை மறுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கொண்டுவந்த செய்தியை அல்லவா மறுத்திருந்தேன்! மறுநாள் காலை அவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை சார், உடம்பு முக்கியம்” என்றார். மகளுக்கு எந்த ஊரில் பணி, எப்போது சேர்கிறாள், தாய் என்ன சொன்னாள் என்றெல்லாம் கேட்டேன். கால் மணி நேரம் பேசினார். அவர் எனக்கென்று எடுத்து வைத்திருந்த ஒரு துண்டை இருவரும் பாதியாகப் பகிர்ந்துகொண்டோம். அந்தப் பாதித் துண்டால் என் எடை ஏறியிருக்காது.

அன்று ஒரு புதிய கணக்குத் தொடங்கினேன். ஒரு மாதம் முழுவதும் எங்கள் பிரிவுக்கு வந்த தின்பண்டங்களைக் குறித்துவைத்தேன். ஒவ்வொன்றின் எதிரிலும் அதற்குப் பின்னால் ஒரு மனிதரோ ஒரு செய்தியோ இருந்ததா என்றும் எழுதினேன். 23 வேலைநாள்களில் 15 நாள் ஏதோ ஒன்று வந்தது. அவற்றுள் செய்தியோடு வந்தவை நான்கு. மற்ற பதினொன்றும் கூட்டத்தில் மீந்த சமோசா, பொருள் வழங்கும் நிறுவனம் அனுப்பிய பெட்டி, பேச்சுத்துணைக்காகப் பிரிக்கப்பட்ட பிஸ்கட் பொட்டலம், யார் வாங்கியது என்றே தெரியாத கேக் ஆகியவை. அந்தப் பதினொன்றையும் நான் மகிழ்ந்து தின்றதாக நினைவில்லை. அருகில் இருந்தன, தின்றேன்.

என் கருத்து இதுதான். அலுவலக இனிப்புகள் அனைத்தையும் துறப்பது தேவையும் அன்று, நாகரிகமும் அன்று. செய்தியோடு வரும் நான்கை மதித்து, அளவோடு உண்போம். செய்தியின்றிக் கிடக்கும் பதினொன்றை விட்டுவிடுவோம். ஆனால் அந்தப் பதினொன்றை விடும் பாரத்தை எடை குறைக்க விரும்பும் ஒருவரின் மனவுறுதி மேல் மட்டும் சுமத்துவது நியாயமன்று. அது அலுவலகம் முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

அரசும் இதை உணர்ந்திருக்கிறது. 2025 ஜூன் மாதத்தில் மத்தியச் சுகாதார அமைச்சகம் எல்லா அமைச்சகங்களுக்கும் துறைகளுக்கும் ஓர் அறிவுரை அனுப்பியது. உணவில் மறைந்திருக்கும் எண்ணெயையும் சர்க்கரையையும் எடுத்துக்காட்டும் பலகைகளைச் சிற்றுண்டிச் சாலைகள், கூட்ட அறைகள் போன்ற இடங்களில் வைக்கலாம் என்றது. உடனே சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் எச்சரிக்கை முத்திரை வரப்போகிறது என்று செய்தி பரவியது. அப்படி எதுவும் இல்லை, எந்தத் தின்பண்டத்தையும் தனித்துக் குறிவைக்கவில்லை என்று அமைச்சகம் விளக்கம் தர வேண்டியதாயிற்று. அவ்வளவு விரைவில் அச்செய்தி பரவியதே, இனிப்பின் மேல் கைவைத்தால் நம் மக்களின் மனம் எப்படிப் பதறும் என்பதற்குச் சான்று. கொல்கத்தாவுக்கு இது புதிதும் அன்று. பால் தட்டுப்பாட்டைக் கருதி 1965-இல் மேற்கு வங்க அரசு, பாலைத் திரித்து எடுக்கும் சேனாவில் செய்த இனிப்புகளுக்குத் தடை விதித்தது. ஆணை நிலைக்கவில்லை, இனிப்பு நிலைத்தது.

பலகை நல்லதே, அது தெரிவிக்கும். ஆனால் பெட்டியை எங்கே வைப்பது என்பதைப் பலகை தீர்மானிக்க முடியாது. அதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். எங்கள் பிரிவில் நாங்கள் பேசி முடிவு செய்த சிலவற்றை இங்கே பகிர்கிறேன்.

முதலாவது, இடம். பெட்டி மேசைகளுக்கு இடையில் உலா வராது. உணவு அறையில், மூடியோடு இருக்கும். வேண்டுபவர் எழுந்து போய் எடுத்துக்கொள்வார். செய்தி சொல்ல வருபவர் மட்டும் வழக்கம்போல் மேசைதோறும் வரலாம். பெட்டி இன்றியும் வரலாம்.

இரண்டாவது, தேநீர். சர்க்கரை சேர்க்காத தேநீரைக் கொடுத்து, சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் வைக்கச் சொன்னோம். தம் கையால் போட்டுக்கொள்ளும்போது ஒருவருக்கு அளவு கண்ணில் படுகிறது. நான் இரண்டு கரண்டியிலிருந்து அரைக்கு இறங்க ஆறு வாரம் ஆயிற்று. இப்போது பழைய தேநீர் பாயசமாகத் தெரிகிறது.

மூன்றாவது, கூட்டங்கள். சமோசாவுக்குப் பதில் வறுத்த கொண்டைக்கடலை, கொய்யாத் துண்டுகள், வெள்ளரி, வெங்காயமும் பச்சைமிளகாயும் கலந்த பொரி ஆகியவை. ஜால்முரி இந்த நகரத்தின் சொந்தப் பண்டம் என்பதால் யாரும் வருந்தவில்லை. செலவும் குறைந்தது. நிர்வாகத்துக்கு இந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது!

நான்காவது, பிறந்தநாள்கள். மாதத்தில் பிறந்த அனைவருக்கும் ஒரே நாளில், ஒரே கேக். வாழ்த்து தனித்தனியே.

ஐந்தாவதுதான் மிகக் கடினமானது. விலை எதுவும் இல்லாதது. வற்புறுத்தாமல் இருப்பது. நம் பண்பாட்டில் உபசரிப்பு என்பது மூன்று முறை கேட்பது. வீட்டு விருந்தில் அது அன்பு. அலுவலகத்தில், மருத்துவர் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு நிற்பவரிடம் மூன்றாம் முறை கேட்பது துன்புறுத்தல். “அட, பட்டினி விரதமா?”, “ஏற்கெனவே ஒல்லிதானே!”, “இவரைப் பார், பயந்துவிட்டார்” என்பன போன்ற கேலிகளை நானே பிறரிடம் சொல்லியிருக்கிறேன். என் பிரிவில் ஓர் இளம்பெண் ஒவ்வொரு முறையும் வயிற்றுவலி என்று பொய் சொல்லித் தப்பித்துவந்தாள் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. ஓர் இனிப்பை மறுக்கப் பொய் சொல்ல வேண்டியிருக்கும் இடம் நல்ல இடமன்று. கேட்பது ஒரு முறை. ‘வேண்டாம்’ என்றால் அதற்குக் காரணம் கேட்பதில்லை. இதுவே எங்கள் உடன்பாடு. எதிர்த்திசையிலும் அது பொருந்தும். மகிழ்ந்து தின்பவரிடம் கலோரிக் கணக்குச் சொல்லி அவர் வாயைக் கசக்கச் செய்யும் உரிமை எடை குறைப்போருக்கு இல்லை.

“வாய் அவரவருடையது; அடக்கமும் அவரவர் பொறுப்பு” என்று சிலர் சொல்லக்கூடும். மறுக்கவில்லை. நான் மதியத்துக்குக் காய்கறியும் பருப்பும் கூட்டிச் சோற்றைக் குறைத்துக்கொண்டேன். நான்கு மணிப் பசிக்கு ஒரு கைப்பிடிக் கடலையை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். காளிகாட்டிலிருந்து மெட்ரோவில் வந்து எஸ்பிளனேடில் இறங்கி, பேருந்தைத் தேடாமல் நடக்கிறேன். இவை என் பொறுப்பு. ஆனால் நாளின் எட்டு மணி நேரத்தை நாம் சேர்ந்து கழிக்கிறோம். சேமிப்புப் பழக்கத்தைக்கூட நாம் தனி மனிதரின் உறுதிக்கு விட்டுவிடுவதில்லை. சம்பளம் கைக்கு வருமுன்பே வருங்கால வைப்புநிதிக்குப் பிடித்துவிடுகிறோம். நல்லதைச் செய்வது எளிதாகும்படி ஏற்பாடு செய்வதே அறிவுடைமை. பணத்துக்குப் பொருந்தும் அந்த அறிவு உடலுக்கும் பொருந்தும்.

ஒன்பது மாதங்கள் ஆயின. என் எடை இப்போது 79 கிலோ. எச்பிஏ1சி 5.9. யாரும் என்னைப் பார்த்து வியக்கவில்லை. பழைய சட்டைகள் சற்றுத் தளர்ந்திருக்கின்றன, அவ்வளவே. மருத்துவர் தலையசைத்தார். இடையில் துர்கா பூஜை வாரத்தில் ஒன்றரை கிலோ ஏறி, அதை இறக்க இரண்டு மாதம் ஆயிற்று என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஏற்கெனவே நீரிழிவுக்கு மருந்து உண்பவர்கள் என்னைப் பார்த்து உணவைத் திடீரெனக் குறைத்துவிடக் கூடாது. சர்க்கரை அளவு மிகவும் தாழ்ந்துவிடும் அபாயம் உண்டு. அவர்கள் மருத்துவரைக் கேட்டே மாற்றம் செய்ய வேண்டும்.

வரும் ஜனவரியில் எங்கள் தாதா ஓய்வு பெறுகிறார். புது வெல்லம் வரும் காலம். செவிலியரான மகள் தன் சம்பளத்தில் வாங்கிய நோலேன் குர் சந்தேஷைத் தானே கொண்டுவந்து எல்லோருக்கும் தருவாள் என்று அவர் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். அந்த மாதக் கணக்கில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கிவிட்டேன். அன்று எழுந்து நின்று, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, முழுதாக ஒன்று வாங்கி உண்பேன். ஒன்றே ஒன்றுதான்.